காட்டில் கற்ற கட்டுரைப் பாடம்



கட்டுரை எழுதச் சொன்னவுடன் நம் மாணவர்கள் தேடுவது எழுதும் பொருளை அன்று. மனனம் செய்த தொடரை. கதிரவன் பொற்கதிர் பரப்புவதும், பறவைகள் இன்னிசை எழுப்புவதும், தென்றல் மேனியைத் தழுவுவதும் எல்லாக் கட்டுரைகளிலும் தவறாமல் நிகழும். யு.பி.எஸ்.ஆர். தேர்வு இருந்தவரை அதற்கு மதிப்பெண் என்னும் காரணமாவது இருந்தது. 2021ஆம் ஆண்டில் அத்தேர்வு அகற்றப்பட்டது. தொடர்கள் மட்டும் இன்னும் அகலவில்லை.

இதைப் பற்றிப் பேசிப் பேசி அலுத்த நாங்கள், ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் உடன் பயின்றோர் எழுவர், சென்ற பள்ளி விடுமுறையில் இரண்டு நாள் எழுத்து முகாம் ஒன்றை எங்களுக்காகவே அமைத்துக்கொண்டோம். அமெரிக்காவின் விட்பி தீவில் ஹெட்ஜ்புரூக் என்றோர் இடம் உண்டு. 1988ஆம் ஆண்டு முதல் பெண் எழுத்தாளர்களை வரவேற்று, காட்டினிடையே ஆளுக்கொரு குடிலில் தங்கி எழுத அங்கே இடம் தருகின்றனர். அதைப் பற்றிப் படித்த தோழி ஒருவர், "காடுள்ள தீவுக்கு நாம் அவ்வளவு தூரம் போக வேண்டுமா? ஃபெரி ஏறினால் போதாதா?" என்று கேட்டார். அக்கேள்வியே எங்களைக் கிளப்பியது.

மாக் மண்டினில் வாழும் நமக்குப் பினாங்குத் தீவு என்றால் ஜார்ஜ்டவுன் கடைத்தெருவும் கொம்தாரும் தண்ணீர்மலைக் கோயிலும்தாம் நினைவுக்கு வரும். ஆனால் தீவின் வடமேற்கு மூலை இன்னும் காடாகவே இருக்கிறது. 2003ஆம் ஆண்டில் பினாங்கு தேசியப் பூங்காவாக அரசிதழில் அறிவிக்கப்பட்ட அப்பகுதி, நிலமும் கடலும் சேர்த்து ஏறத்தாழ 2,560 ஹெக்டர் பரப்புடையது. 2021ஆம் ஆண்டில் யுனெஸ்கோ ஏற்பளித்த பினாங்குமலை உயிர்க்கோளக் காப்பகத்திலும் அஃது அடங்கும். 2023ஆம் ஆண்டு முதல் பட்டர்வொர்த்துக்கும் தீவுக்கும் இடையே ஓடும் புதிய ஃபெரிகளுக்குத் தெலுக் பாஹாங், தெலுக் டூயோங் எனக் கடற்குடாக்களின் பெயர்களையே இட்டுள்ளனர். அவற்றில் ஏறி இறங்கும் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அக்குடாக்களைக் கண்டிருப்பார்கள்? பெயரை அறிந்து பொருளை அறியாத நிலை ஃபெரியிலேயே தொடங்கிவிடுகிறது.

தெலுக் பாஹாங்கில் ஒரு கம்பத்து வீட்டில் தங்கினோம். பணி ஓய்வுபெற்ற எங்கள் விரிவுரையாளர் ஐயா உடன் வந்து மூன்று விதிகளை வகுத்தார். முதலாவது, காட்டில் ஒரே இடத்தில் ஒரு மணி நேரம் அமர்தல். இரண்டாவது, 'அழகு', 'இனிமை', 'பசுமை' ஆகிய மூன்று சொற்களையும் பயன்படுத்தாதிருத்தல். மூன்றாவது, பெயர் தெரியாத ஒன்றைக் கண்டால் விட்டுவிடாமல், கண்டதைக் கண்டவாறே எழுதி, மாலையில் பெயரைக் கேட்டறிதல்.

விதிகள் எளியவையாகத் தோன்றின. ஆனால் 'பசுமை' என்ற சொல் பறிபோன பிறகு, ஓர் இலையைப் பற்றி எழுத அதை உற்றுநோக்குவதைத் தவிர வேறு வழியில்லை. பந்தாய் கெராச்சுட் செல்லும் மேட்டுப்பாதையில் வேர்களே படிகளாக அமைந்திருப்பதும், சில்வண்டுகளின் இரைச்சல் ஒரே நொடியில் அறுந்து மீண்டும் தொடங்குவதும், கண்ணைச் சுற்றி வெண்வளையம் உடைய லோத்தோங் குரங்கு ஓசையின்றி இலை தின்பதும் அவ்வாறே எங்கள் ஏடுகளில் ஏறின.

பந்தாய் கெராச்சுட் கடற்கரையை ஒட்டி ஓர் ஏரி உள்ளது. பருவத்திற்கேற்ப அது நிறையும், வற்றும். நிறைந்திருக்கும் காலத்தில் மேலே குளிர்ந்த நன்னீர், கீழே வெதுவெதுப்பான கடல்நீர் என இரண்டும் கலவாமல் அடுக்காக நிற்கும். கடல்நீர் உப்பினால் கனமாதலின் அடியில் தங்கிவிடுகிறது. 'அழகிய ஏரி' என்று எழுதி நகர்ந்திருந்தால் இதை யாரும் கேட்டறிந்திருக்க மாட்டோம். அடைமொழி நம்மை வேடிக்கை பார்க்க வைக்கிறது. கேள்விதான் நின்று கவனிக்க வைக்கிறது.

அன்றிரவு ஒரு கருத்துவேறுபாடு எழுந்தது. வழியில் கண்ட பூச்சியுண்ணும் செடியைத் தோழி ஒருவர் 'பெரியோக் கெரா' என்று மலாய்ப் பெயராலேயே எழுதியிருந்தார். குரங்குப் பானை என்பது அதன் பொருள். மற்றொருவர் அதை ஏற்கவில்லை. "பிள்ளை நல்ல தமிழ் கற்கும் இடம் நம் வகுப்பறை ஒன்றுதான். அங்கேயும் மலாய்ச் சொல்லுக்கு வாயிலைத் திறந்துவிட்டால், நாளை எஞ்சுவது என்ன?" என்று கேட்டார். அவர் கவலையை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் சொல் தெரியவில்லை என்பதற்காக அந்தச் செடியையே விட்டுவிடும் பிள்ளை, கடைசியில் பொற்கதிரிடமே திரும்பிச் செல்லும் என்பதும் உண்மைதானே?

ஐயா இருவருக்கும் பொதுவான ஒன்றை நினைவூட்டினார். நம் முன்னோர் இந்நாட்டுக்கு வந்தபோது ரப்பர் மரத்திற்குத் தமிழில் பெயரில்லை. அதைச் சீவிச் சீவிப் பால் எடுத்தவர்கள் பால்மரம் என்றார்கள். கித்தா மரம் என்றும் சொன்னார்கள். முன்னது கண்டு படைத்த பெயர். பின்னது கேட்டு வாங்கிய பெயர். பனை போன்று நின்று செந்நிறப் பழக்குலை ஈனும் மரம் செம்பனை ஆயிற்று. எந்த அகராதியும் கையில் இல்லாமல், அன்றாடம் மரத்தின் முன் நின்றவர்கள் தந்த சொற்கள் இவை.

பின்னர்க் குறிஞ்சிப்பாட்டைப் பற்றிப் பேச்சு வந்தது. 261 அடிகளைக் கொண்ட அப்பாட்டில் கபிலர், காந்தளில் தொடங்கி, வேங்கையையும் சேர்த்து, புழகு ஈறாக 99 பூக்களைப் பெயர் சொல்லி அடுக்குகிறார். ஆரிய அரசன் பிரகதத்தனுக்குத் தமிழின் சிறப்பை உணர்த்தப் பாடியது என்பது மரபு. அவ்வகையில் அதுவும் ஒரு பாடநூலே. புதிதாகத் தமிழ் அறிய வந்தவனிடம் 'பல வண்ண மலர்கள் பூத்துக் குலுங்கின' என்று அந்த ஆசிரியர் முடித்துக்கொள்ளவில்லை.

அந்த வேங்கையைப் பற்றி ஐயா சொன்ன செய்தி எனக்குப் புதிது. நம் சாலையோரங்களில் நிழல் தரும் அங்சானா மரம் வேங்கையின் நெருங்கிய உறவு. இரண்டும் டெரோகார்ப்பஸ் என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. மஞ்சள் பூக்கள் திடீரென மரம் முழுதும் பூத்து, ஓரிரு நாளில் உதிர்ந்து, தார்ச்சாலையை மூடிவிடுவதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். குறிஞ்சி நிலம் கடல் கடந்து இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருக்க, அதன் மரத்தின் உறவு நம் பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறது!

பள்ளி திறந்தபின் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கும் அம்மூன்று விதிகளையே தந்தேன். எங்கள் ஊர் தொழிற்பேட்டையால் சூழப்பட்டது. காடு இல்லை. ஆயினும் பள்ளி வளாகத்தைச் சுற்றி நின்று கால் மணி நேரம் பார்க்கச் சொன்னேன். எப்போதும் ஐந்து வரியோடு நிறுத்திவிடும் ஒரு மாணவன், சிற்றுண்டிச்சாலைக்குப் பின்னால் கால்வாயில் கண்ட 'பியாவாக்' பற்றி ஒரு பக்கம் எழுதினான். நாக்கு இரண்டாகப் பிளந்திருந்ததையும், வால் தண்ணீரில் வளைந்து வளைந்து கோடு போட்டதையும், மீன் தலை ஒன்றை அது மெல்லாமல் விழுங்கியதையும் எழுதியிருந்தான்.

மறுவாரம் அவன் தந்தை ஏட்டுடன் வந்தார். இரவு வேலை முடித்து நேராக வந்திருந்தார் போலும், கண்கள் சிவந்திருந்தன. "டீச்சர், பியாவாக் என்று எழுதியிருக்கிறான். நீங்கள் சிவப்புக் கோடு போடவில்லையே. இதற்காகவா தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பினேன்?" என்று கேட்டார். இது முதல் வரைவுதான் என்றும், முதல் வரைவில் கோடு போடுவதில்லை என்றும், இரண்டாம் வரைவுக்குத் தமிழ்ச் சொல்லைத் தேடி வர வேண்டியது அவன் பொறுப்பு என்றும் விளக்கினேன். "உங்கள் வீட்டில் அதை என்னவென்று சொல்வீர்கள்?" என்றும் கேட்டேன். சிறிது நேரம் யோசித்தார். "தோட்டத்தில் இருந்தபோது என் அம்மா தண்ணி உடும்பு என்பார்," என்றார். அதைத் தம் மகனிடம் அவர் சொன்னதே இல்லையாம். இரண்டாம் வரைவில் அந்தச் சொல் இடம் பெற்றது.

இதைத்தான் உங்களிடம் சொல்ல விழைகிறேன். சொற்கள் நம் வீடுகளில் இருக்கின்றன. பொருள்கள் வெளியே இருக்கின்றன. இரண்டையும் பிள்ளையின் முன் கொண்டுவந்து சேர்ப்பதே நம் வேலை. ஆசிரியர்களே, முதல் வரைவில் சிவப்பு மையை மூடி வையுங்கள். தமிழ்ச் சொல் உண்டெனில் அடுத்த வரைவில் அது வரட்டும். இல்லையெனில் பிள்ளையே ஒன்றைப் படைக்கட்டும். அதுவும் இயலாதபோது மலாய்ப் பெயர் தமிழ் எழுத்தில் நின்றுவிட்டுப் போகட்டும். கித்தாவையும் நம் தமிழ் தாங்கிக்கொண்டதே!

பெற்றோர்களே, பிள்ளைகளை வெளியே அழைத்துச் சென்று திரும்பும்போது "நன்றாக இருந்ததா?" என்று கேட்காதீர்கள். அதற்கு ஒரே விடைதான் கிடைக்கும். "என்ன பார்த்தாய்?" என்று கேளுங்கள். விடை வரும்வரை காத்திருங்கள். உங்கள் சாலையில் அங்சானா பூக்கும் நாளில், அதன் உறவான வேங்கையின் கதையையும் சொல்லுங்கள்.