அக்கரையில் பாடிய பாட்டு

வெளிநாட்டுப் பிரயாணம் என்று நாம் வாய் திறந்ததுமே நண்பர் ஒருவர், "பாரிஸுக்கா?" என்று கேட்டார். காரைக்காலில் இது சகஜமான கேள்வி. வீதிக்கு ஒரு வீட்டிலாவது பிள்ளையோ மாப்பிள்ளையோ பிரான்ஸில் இருக்கும் ஊர் அல்லவா? "இல்லை ஐயா, நாகப்பட்டினத்தில் கப்பலேறினால் நாலு மணி நேரத்தில் காங்கேசன்துறை" என்றதும் அவருக்குச் சப்பென்று போய்விட்டது.

அவர் அப்படி ஏமாந்திருக்க வேண்டியதில்லை. 1739 முதல் பிரெஞ்சுக்காரர் வசமிருந்து, 1954 நவம்பர் 1-ஆம் தேதி இந்திய ஆட்சிக்கு வந்த ஊர் நம்முடையது. நம் பாட்டனார் காலத்தில் நாகூர் கந்தூரிக்குப் போவதே வெளிநாட்டுப் பிரயாணந்தான். எல்லையில் சுங்கக்காரர் மூட்டையை அவிழ்த்துப் பார்த்த பிறகே விடுவாராம். எது வெளிநாடு என்பதைத் தூரத்தை வைத்துத் தீர்மானிக்கும் வழக்கம் காரைக்காலாருக்கு என்றுமே இருந்ததில்லை.

நாம் கணக்கு உபாத்தியாயர். பாட்டு, நம்முடைய உபரித் தொழில். எம். பி. சீனிவாசன் தமிழில் வளர்த்துவிட்டுப் போன சேர்ந்திசையின்மேல் இளமையிலேயே மோகம் கொண்டு, பள்ளியில் பன்னிரண்டு பெண்களைச் சேர்த்து ஒரு குழு நடத்தி வருகிறோம். காரைக்கால் அம்மையாரின் மூத்த திருப்பதிகந்தான் எங்கள் பிரதான உருப்படி. நட்டபாடைப் பண்ணில் ஒரு பெண் தனியாக எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். எடுத்துக் கொடுப்பவள் பத்தாம் வகுப்பு மாணவி. அவள் குரல் ஏறிவிட்டால் ஹார்மோனியம் கூடத் தேவையில்லை.

யாழ்ப்பாணத்துப் பெண்கள் பாடசாலை ஒன்றிலிருந்து அழைப்பு வந்ததும், தலை கால் தெரியாமல் வகுப்பிலேயே அறிவித்துவிட்டோம். கைதட்டல் அடங்கிய பிறகு அந்தப் பெண் மட்டும் எங்களிடம் வந்து, "சார், எனக்குப் பாஸ்போர்ட் கிடைக்காது" என்றாள்.

அவள் பிறந்தது இந்த மண்ணில்தான். ஆனால் தாய் தந்தை இருவரும் 1990-இல் குழந்தைகளாகப் படகேறி வந்த இலங்கைத் தமிழர். 1987 ஜூலை 1-க்குப் பின் இந்தியாவில் பிறந்தவர்களுக்குப் பிறந்தது ஒன்றினாலேயே குடியுரிமை வந்துவிடாது; பெற்றோரில் ஒருவராவது இந்தியப் பிரஜையாக இருந்திருக்க வேண்டும். இலங்கைப் பிரஜையாகப் பதிந்துகொள்ள வழி இருக்கிறது. ஆனால் அதற்கு வேண்டிய காகிதங்கள் ஒரு மாதத்தில் சேருகிற காகிதங்கள் அல்ல. இரண்டு வருஷமாகத் தினமும் பாடுகிற பெண். வீட்டு விஷயம் ஒன்றுகூட நாம் கேட்டறிந்ததில்லை. குழுவில் பூர்வீகம் தேடிப் போகக்கூடியவள் அவள் ஒருத்தி. போக முடியாதவளும் அவளே.

பிரயாணத்தையே நிறுத்திவிடலாமா என்று யோசித்தோம். "நான் வேண்டாமென்றா பாடினேன்? போய்ப் பாடிவிட்டு வாருங்கள் சார்" என்று அவளே சொல்லிவிட்டாள். அன்று முதல் பள்ளி விட்டதும் ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியைத் தன் வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்து, அந்த முதல் பாட்டைச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினாள். அவளுடைய பாட்டியார் நம்மைக் கூப்பிட்டு, "காங்கேசன்துறைக்குக் கிட்டத்தான் எங்கட வீடு, மாஸ்டர். முத்தத்தில வேம்பு நிண்டது. கிணறு கிடக்கோ எண்டு ஒருக்காப் பாத்துக்கொண்டு வாங்கோ" என்றார், ஒழுங்கையின் அடையாளமும் சொன்னார்.

2025 மே மாதத்தில் பதினொரு பெண்களும், துணைக்கு ஓர் ஆசிரியையும், நாமுமாகக் கப்பலேறினோம். நாற்பது வருஷத்துக்கு மேல் நின்று போயிருந்த இந்தக் கடல்வழி 2023 அக்டோபர் 14-இல் திறந்தது. சில நாளில் மழைக் காலத்துக்காக நின்றது. 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்னும் கப்பல் வந்த பிறகே மறுபடி ஓடிற்று. கரை மறைந்த அரை மணிக்கெல்லாம் எங்கள் குழு வேறுவிதமான சேர்ந்திசை ஒன்றை நடத்தத் தொடங்கியது. எலுமிச்சம்பழமும் பிளாஸ்டிக் பைகளும் கை கொடுத்தன. அம்மையாரின் கணவர் பரமதத்தன் கடல் வாணிகம் போனவர், காரைக்கால் திரும்பாமல் பாண்டி நாட்டிலேயே தங்கிவிட்டதற்கு வேறு காரணம் பெரியபுராணத்தில் இருக்கிறது. இருந்தாலும் அன்று எங்களுக்கு இதுவும் ஒரு காரணமாய் இருக்குமோ என்று தோன்றியது.

நல்லூரில் சட்டையைக் கழற்றிவிட்டுத் தரிசனம், பறங்கியர் எழுப்பி ஒல்லாந்தர் விரித்த கோட்டை, கடலோரத்திலேயே நன்னீர் சுரக்கும் கீரிமலைக் கேணி எல்லாம் முறையாகப் பார்த்தோம். வெள்ளை வெளேரென்று நிற்கும் நூலகத்தில்தான் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். 1981-இல் அங்கே கொளுத்தப்பட்டவை ஏறக்குறைய 97,000 நூல்கள். நம் பள்ளி நூலகத்தில் இரண்டாயிரம் புத்தகம். "அப்படியானால் நாற்பத்தெட்டுப் பள்ளிக்கூடம், சார்" என்று ஒருத்தி கணக்குப் போட்டாள். வேறு சமயமானால், மீதி எங்கே என்று கேட்டிருப்போம்.

கச்சேரி, பாடசாலை மண்டபத்தில். சிறுமி எடுத்தாள். கை நடுங்கியது, குரல் நடுங்கவில்லை. முடிந்ததும் வயது முதிர்ந்த சங்கீத ஆசிரியை ஒருவர் மேடைக்கு வந்து, "இந்தப் பிள்ளை எந்த ஊர்?" என்று கேட்டார். காரைக்கால் என்றோம். அவர் நம்பவில்லை. "இல்லை, றகரம் எங்கட மாதிரிக் கிடக்கு. ஆர் பழக்கினது?" என்றார். சிறுமி, "அக்கா" என்றாள். எந்த அக்கா, ஏன் வரவில்லை என்பதை அங்கே நாம்தான் சொல்ல வேண்டியிருந்தது. பாட்டி பேத்திக்குத் தந்த உச்சரிப்பு, பேத்தியிடமிருந்து காரைக்கால் சிறுமியின் நாக்கில் ஏறி, பாஸ்போர்ட் முத்திரையோடு ஊர் வந்திருந்தது.

திரும்பும் நாள் காலையில் வாடகை வண்டிக்காரரிடம் அந்த ஒழுங்கையைச் சொன்னோம். வலிகாமம் வடக்கில் ராணுவம் எடுத்த காணிகள் யுத்தம் முடிந்த 2009-க்குப் பின் பகுதி பகுதியாக விடப்பட்டு வந்தன. பாட்டியார் சொன்ன இடம் அந்தப் பகுதிகளில் சேரவில்லை. முட்கம்பி வேலி வரை போனோம். உள்ளே பற்றைக்காடு. வேம்புகள் பல நின்றன. எது அவருடைய வேம்பு என்று எப்படிச் சொல்வது?

ஊர் வந்ததும் நேரே அவர்கள் வீட்டுக்குப் போனோம். அந்தப் பெண் முதலில் கேட்டது, "சுருதி இறங்கிற்றா, சார்?" என்பதுதான். கடைசி வரியில் அரைக்கட்டை இறங்கியிருந்தது. "இல்லையம்மா" என்றோம். றகரக் கதையைச் சொன்னதும் சிரித்துவிட்டு உள்ளே போனாள். வெகுநேரம் வெளியே வரவில்லை.

பாட்டியாரிடம் வேலியைப் பற்றிச் சொல்லத் தயங்கித் தயங்கிச் சொன்னோம். அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "உள்ளுக்கு ஒருத்தரையும் விடேல்லையெண்டால், ஒருத்தரும் மூடியிருக்கவும் மாட்டினந்தானே? அப்ப கிணறு கிடக்கும், மாஸ்டர்" என்று சொல்லி, எங்களுக்குத் தேநீர் போட எழுந்து போனார்.