வேப்பமர வரிசை

மூன்றாவது பீரியடு முடிவதற்குள் சமையல்கட்டுப் புகை வகுப்புக்குள் வந்துவிடும். விறகு ஈரமாக இருந்தால் கண் எரியும். வாத்தியார் ஜன்னலைச் சாத்தச் சொல்வார். சாம்பார் கொதிக்கும் வாசனையை எந்த ஜன்னல் தடுக்கும்? அதன்பிறகு வகுத்தல் கணக்கு யாருக்கும் ஏறாது.

கோவில்பட்டிப் பக்கம் கரிசல் ஊர் எங்களுடையது. மானாவாரி வெள்ளாமை. மழை ஏமாற்றிய வருஷத்தில் பல வீடுகளில் மத்தியானம் அடுப்பு எரியாது. ஐம்பதுகளில் காமராசர் மதிய உணவைத் தொடங்கியது பக்கத்து எட்டயபுரத்தில்தான் என்று அப்பா பெருமையாகச் சொல்வார். அந்தச் சோறு தின்று எழுத்துப் படித்தவர் அவர். எனக்கு வாய்த்தது 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவு. விடியுமுன் தீப்பெட்டி ஆபீஸ் வண்டியில் ஏறிப்போன பிள்ளைகள் சிலரைப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்து வந்தது பாடமல்ல, அந்தச் சோறுதான் என்று இன்றும் உறுதியாக நம்புகிறேன்.

மணி அடித்ததும் தட்டோடு ஓட்டம். வேப்பமரத்தடியில் இரண்டு வரிசை. யார் எந்தத் தெரு என்று பார்த்து உட்காரவைக்க அங்கே ஆள் கிடையாது. முந்தி வந்தவன் நிழலில், பிந்தி வந்தவன் வெயிலில், அவ்வளவுதான். ஆயா வாளியைத் தூக்கிக்கொண்டு வருவார். “எய்யா, இன்னுங் கொஞ்சம் வைக்கட்டா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வைப்பார். சாதத்தில் கல் இருக்கும், சில நாள் பருப்பு வேகாமல் இருக்கும். ஆனாலும் தட்டு வழித்த மாதிரி காலியாகிவிடும்.

1989இல் முட்டை வந்தது. முதலில் இரண்டு வாரத்துக்கு ஒன்றுதான். அன்றைக்கு ஒருவர்கூட லீவு போடமாட்டார்கள். என் பக்கத்தில் உட்காரும் கீழத்தெருக் கூட்டாளி முட்டையைத் தின்னாமல் டவுசர் பையில் வைத்துக்கொள்வான். வீட்டில் பள்ளிக்கூட வயசு வராத தங்கச்சி இருந்தாள். அதைப் பார்த்த பிறகு என் முட்டையில் பாதியை அவன் தட்டில் வைப்பேன். அவனும் வேண்டாமென்று சொன்னதில்லை. அவன் வாய் பட்ட தண்ணீர்ச் செம்பில் நானும் குடித்திருக்கிறேன். என் வீட்டுத் திண்ணையில் அவன் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை என்பது ரொம்பப் பிந்தித்தான் எனக்கு உறைத்தது.

எட்டாம் வகுப்போடு அவன் நின்றுவிட்டான். தீப்பெட்டி ஆபீஸ், பிறகு திருப்பூர் என்று சொன்னார்கள்.

அந்தச் சாம்பார் ருசிக்காக நான் ஏங்கவில்லை. அதைவிட நல்ல சாப்பாடு எத்தனையோ சாப்பிட்டாயிற்று. நான் ஏங்குவது அந்த வரிசைக்காக. போன பங்குனிப் பொங்கலுக்கு ஊரில் பெரிய பந்தி, வாழை இலை, பாயசம். வேப்பமரத்தடியில் என்னோடு தட்டு ஏந்தியவர்களில் பாதிப்பேர் அதில் இல்லை. அவர்களுக்குச் சொல்லிவிடவே இல்லை என்று கை கழுவும்போதுதான் தெரிந்தது. கோயில் கமிட்டி அண்ணாச்சியிடம் கேட்டேன். “அது வழக்கம் இல்லைல்லா தம்பி” என்றார்.

பள்ளிக்கூடத்தில் இருந்ததே அண்ணாச்சி, தினமும் மத்தியானம், நம் எல்லோர் கண்ணெதிரிலும்.