பாடசாலை மண்ணில் ஒரு ஐந்து சதம்

பளையில் பஸ்ஸால் இறங்கி கிரவல் வீதியில் நடந்தால் அந்தப் பாடசாலை வரும். சென்ற மாதம் மகளுடன் அங்கே போனேன். "அம்மா வேலை செய்த இடத்தைப் பார்க்க வேணும்" என்று அவள் நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

2011 ஆம் ஆண்டில் நான் முதன்முதல் போனபோது கட்டடத்துக்குக் கூரை இல்லை. பனைகள் தலையிழந்து நின்றன. முகமாலைப் போர்முனைக்கு அண்மையான ஊர் அது. மைதானத்தைச் சுற்றி மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள். அப்போது மகளுக்கு மூன்று வயது. கணவர் இல்லை. சம்பளத்துக்காகவே மிதிவெடி அகற்றும் வேலைக்குச் சேர்ந்தேன். என்னைப் போல் பல பெண்கள் அங்கே இருந்தார்கள்.

பிளாஸ்ரிக் உறையுள்ள மிதிவெடியில் உலோகம் மிகச் சிறிதளவே இருக்கும். அதையும் பிடிக்கும்படி கருவியை வைத்தால் ஆணி, தகரம், சன்னம் எல்லாவற்றுக்கும் அது சத்தமிடும். கீழே கிடப்பது என்ன என்று சொல்லாது. ஒவ்வொரு சத்தத்துக்கும் முழந்தாளிட்டு, பக்கவாட்டாக மண்ணை மெல்ல மெல்லச் சுரண்ட வேண்டும்.

ஒருநாள் வேப்பமரத்தடியில் கருவி சத்தமிட்டது. முகக்கவசத்துக்குள் வியர்வை வழிய அரை மணித்தியாலம் சுரண்டினேன். மூலை மழுங்கிய சதுரக் காசு ஒன்று வந்தது. பழைய ஐந்து சதம்! பக்கத்திலேயே பூவிதழ் போல விளிம்பு வளைந்த இரண்டு சதம். அந்த மரத்தடியில் முன்பு ஓர் ஆச்சி கச்சான் விற்றவவாம். எந்தப் பிள்ளையின் கையிலிருந்து நழுவியதோ! இரண்டு நாள் கழித்து, அதே வேம்பின் மறுபக்கத்தில் மிதிவெடி எடுத்தோம். இரண்டுக்கும் ஒரே சத்தம்தான்.

அந்நாட்களில் ஓர் அம்மா வேலியோரம் வந்து கேட்டார். "பிள்ளை, 2000 ஆம் ஆண்டு ஓடேக்க கிணத்தடியில தோட்டைத் தாட்டனான். உந்த மிசினாலை ஒருக்காப் பார்த்துத் தாவன்."

"குறிச்ச இடத்துக்கு வெளியாலை பார்க்க எங்களுக்கு அனுமதி இல்லையம்மா. நிலம் துப்புரவாகும் வரைக்கும் நீங்களும் தோண்டாதேங்கோ" என்றேன். அவர் முகம் வாடியது. பின்னர் அவரது வளவும் துப்புரவாக்கப்பட்டது. தோண்டிப் பார்த்தார், தோடு கிடைக்கவில்லை. "தோடு போனாலும் கால் மிஞ்சிச்சுப் பிள்ளை" என்றார்.

வரலாறு படிக்கும் என் மகள் கேட்டாள், "இன்னும் பழைய காசு கிடைச்சால் எடுக்கலாமோ அம்மா?" அவளுக்குக் கந்தரோடையைப் பற்றிச் சொன்னேன். சுன்னாகத்துக்கு அண்மையில் உள்ள அவ்வூரில் முத்திரை குத்திய காசுகளும் உரோமக் காசுகளும் கிடைத்தன. 1970 இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் அங்கே அகழ்வாய்வு செய்தனர். காசு எந்த மண்படையில் கிடந்தது என்பதைக் கொண்டே ஆய்வாளர் அந்த இடத்தின் காலத்தை அறிகிறார்கள். கண்டபடி கிண்டி எடுத்தால் அந்தச் சாட்சி அழிந்துவிடும். 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி 1815 மார்ச் 2 க்கு முற்பட்ட பொருட்கள் தொல்பொருட்கள். அனுமதியின்றி அவற்றுக்காக நிலத்தைத் தோண்டுவது குற்றம்.

சகோதரிகளே, புதையல் என்று கருவியோடு வருபவர்களை நம்பி உங்கள் வளவைக் கிண்ட விடாதீர்கள். மண்ணில் உலோகம் தெரிந்தால் பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். கையால் தொடாமல், அடையாளம் வைத்துவிட்டு, கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ அறிவியுங்கள். அது காசாக இருந்தால் ஒரு நாள் தாமதம் மட்டுமே.

இன்று அந்தப் பாடசாலைக்கு ஓட்டுக் கூரை இருக்கிறது. மைதானத்தில் பிள்ளைகள் எல்லே விளையாடிக்கொண்டிருந்தார்கள். மகள் செருப்பைக் கழற்றிவிட்டு வேப்பமரத்தடிக்கு ஓடினாள். "நில்!" என்று கத்த வாய் திறந்தேன். பிறகு நானும் செருப்பைக் கழற்றிவிட்டு அவளுக்குப் பின்னால் நடந்தேன்.