துலாக்கோலும் ஊர்வாயும்

ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பது பழமொழி. முன்னாளில் ஊர்வாய் கிணற்றடியோடும் திண்ணையோடும் நின்றது. இன்று சமூக ஊடகத்தில் ஒருவர் பெயர் காலையில் ஏறினால், மாலைக்குள் குற்றம் சாட்டுவோரும் தீர்ப்புக் கூறுவோரும் அங்கே கூடிவிடுகின்றனர். சான்று எங்கே என்று கேட்போர் மிகச் சிலரே. இதனை எண்ணிப் பார்க்க, மீன் ஒன்றைப் பற்றி எழுந்த வழக்குத் துணைசெய்யும்.

1932ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாள், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து மாண்ட்கோமரி ஏரியில் ஜார்ஜ் பெர்ரி என்னும் இளைஞர் பெருவாய் 'பாஸ்' மீன் ஒன்றைப் பிடித்தார். அதன் எடை 22 இராத்தல் 4 அவுன்சு. அது பொருளாதாரம் சரிந்திருந்த காலம். எடை போட்டபின் அம்மீன் குடும்பத்தாருக்கு உணவாயிற்று. வயிற்றுக்கு முன் சாதனை எம்மாத்திரம்? மீன் மறைந்தது; அதன்மீது எழுந்த ஐயமோ மறையவில்லை.

எழுபத்தேழு ஆண்டுகள் கழிந்தன. 2009ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் நாள், ஜப்பானின் பீவா ஏரியில் மனாபு குரிட்டா என்பவர் அதே இனத்து மீனைப் பிடித்தார். அதன் எடை 22 இராத்தல் 4.97 அவுன்சு. பழைய சாதனையை முறியடிக்க 2 அவுன்சு கூடுதல் வேண்டும் என்பது விதி. ஆதலால் இருவரும் சமநிலையினர் ஆவதே முறை.

ஆனால், அம்முடிவு வருமுன்னே வதந்தி வந்துவிட்டது. தடைசெய்யப்பட்ட பகுதியில் அவர் மீன் பிடித்தார் என்றனர். அனைத்துலக விளையாட்டு மீன்பிடிச் சங்கம் அவ்வதந்தியை நம்பவுமில்லை, புறந்தள்ளவுமில்லை. உரியவரிடமே விளக்கம் கேட்டது. அது தடைப்பகுதி அன்று என்றும், தாம் அங்கே படகை நிறுத்தவில்லை என்றும் அவர் விடையிறுத்தார். பொய்யறியும் கருவிச் சோதனைக்கும் இசைந்து, அதில் தேறினார். 2010ஆம் ஆண்டு ஜனவரியில் சாதனை ஏற்கப்பட்டது.

அக்கருவி நாடித்துடிப்பையும் மூச்சையும் வியர்வையையும் அளப்பது. நெஞ்சின் வாய்மையை அளப்பதன்று. அதன் முடிவை அறிவியலார் பலர் முழுதும் ஏற்பதில்லை. மீனை நிறுக்கத் துலாக்கோல் உண்டு. மனிதரின் சொல்லை நிறுக்க அத்தகைய கோல் இல்லை. ஆகவேதான் ஒருவர் நற்பெயரைக் குலைப்பது எளிதாகவும், மீட்பது அரிதாகவும் இருக்கிறது. பழிச்சொல் சென்ற வீடுகளுக்கெல்லாம் மறுப்புச்செய்தி செல்வதில்லை.

அதனால் ஐயுறுதலே தவறு என்பதன்று. 2022ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஈரி ஏரிப் போட்டியொன்றில், மீன்களின் வயிற்றைக் கீறியபோது ஈயக்குண்டுகள் வெளிப்பட்டன. பிடித்த இருவரும் மறு ஆண்டு நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். அங்கும் முடிவு செய்தது கூச்சலன்று. மீனின் வயிற்றில் கிடந்த ஈயமே.

வகுப்பறையில் ஒரு பேனா காணாமற்போனால், மாணவர் பலர் ஒரே பெயரைக் கூறுவர். பெரும்பாலும் அது ஏழை மாணவனின் பெயராகவோ, முன்பு ஒருமுறை தவறிழைத்தவனின் பெயராகவோ இருக்கும். அக்கணத்தில் ஆசிரியர் தலையசைத்தால் போதும். பேனா பின்னர் மேசைக்கடியில் கிடைத்தாலும் அப்பிள்ளையின் மனக்காயம் ஆறாது. முதலில் அவனைத் தனியே அழைத்து வினவுவதும், அவன் கூறுவதை முழுதும் கேட்பதுமே ஆசிரியர் கடன்.

வள்ளுவர் நடுவுநிலைமைக்குத் துலாக்கோலை உவமையாக்கினார். அக்கோலைப் பிடிக்கக் கற்ற மாணவர், நாளை கைப்பேசியைத் தொடும் விரலையும் சற்றே நிறுத்தி எண்ணிப் பார்ப்பர்.