க்ரூகர்ல கிலோமீட்டரை நம்பாதீங்க!

சொந்தமா கார் ஓட்டிட்டுப் போய் சிங்கம் பார்க்க ஆசையா பாஸ்? தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவுக்கு பிளான் போடுங்க. நம்ம ஊர் மாதிரியே அங்கேயும் இடது பக்கம்தான் டிரைவிங். ஆனா, மேப்பைப் பார்த்து ஏமாந்துடாதீங்க!

ஸ்குகுசா கேம்ப்பிலிருந்து சடாரா கேம்ப் சுமார் 90 கி.மீ.தான். 'ஒன்றரை மணி நேரம் போதுமே'னு கணக்குப் போட்டா அவுட்! தார் ரோட்டில் 50, மண் ரோட்டில் 40 கி.மீ.தான் உச்ச வேகம். யானைக் கூட்டம் மறிச்சா காத்திருக்கணும்; காரைவிட்டு இறங்கக் கூடாது.

அங்கே குளிர்காலமான ஜூன், ஜூலையில் சாயங்காலம் 5.30-க்கே கேம்ப் கேட்டை மூடிடுவாங்க. லேட்டானா ஃபைன்! ஆனா, புல் காய்ஞ்சு, விலங்குகள் தண்ணி தேடி வர்ற சீசனும் அதுதான்.

அதனால, ஒரே கேம்ப்பில் ரெண்டு ராத்திரி தங்குங்க. குளத்துப் பக்கம் இன்ஜினை ஆஃப் பண்ணிட்டுக் காத்திருங்க. சிங்கத்துக்கும் தாகம் எடுக்கும்ல!