சும்மாடு

கனடா போய் வந்ததை எழுதுங்கள் டீச்சர் என்று பலர் கேட்டுவிட்டீர்கள். நயாகராவைப் பற்றி எல்லாரும் எழுதியாகிவிட்டது. நான் வேறொன்று சொல்கிறேன்.

போன ஆகஸ்டில் டொராண்டோவிலிருந்து மகன் எங்களை அல்கான்குவின் காட்டுக்குக் கூட்டிப்போனான். 1893இல் பூங்காவாக அறிவித்த காடு. 7,600 சதுர கிலோமீட்டருக்கு மேல். நம் விருதுநகர் மாவட்டத்தைப் போல ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு. உள்ளே 2,400 ஏரிகளுக்கு மேல் இருக்கின்றன. உள்காட்டுக்குப் பெரும்பாலும் நடந்து போக வேண்டும், அல்லது ‘கனூ’ என்ற ஒல்லிப் படகில் துடுப்புப் போட்டுப் போக வேண்டும். டப்பா, கண்ணாடி பாட்டில் கொண்டுபோகக் கூடாது. குப்பையைத் திரும்ப எடுத்து வந்துவிட வேண்டும்.

உண்மையைச் சொன்னால் எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. குமாரலிங்கபுரத்தில் ரெண்டு குடம் தண்ணீருக்கு விடியுமுன் வரிசையில் நின்றவள் நான். சும்மா சுற்றிப் பார்க்க இவ்வளவு தண்ணீரா?

கனூ ஏரிக் கரையில் படகில் ஏறச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். காரணம் மகனுக்குக்கூட முழுசாகத் தெரியாது.

நான் வேலைக்குச் சேர்ந்த நாலாவது வருஷம். ரெண்டு வருஷம் காய்ந்து கிடந்த கண்மாய் ஐப்பசி மழையில் நிறைந்தது. ஊரே கரையில் நின்று பார்த்தது. கரம்பை மண் அள்ளிய பள்ளம் தண்ணீருக்குள் எங்கே இருக்கிறது என்று பெரியவர்களுக்குத் தெரியும், பிள்ளைகளுக்குத் தெரியாது. என் நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் ஞாயிற்றுக்கிழமை குளிக்கப் போனவன் திரும்பவில்லை. முதல் வெள்ளிக்கிழமைதான் பிரம்பைக் காட்டி, “கண்மாய்ப் பக்கம் போனா தோலை உரிச்சுப்புடுவேன்” என்று சொல்லியிருந்தேன். அதற்கப்புறம் ஓய்வு பெறும் வரை ஒவ்வொரு மழைக்காலத்திலும் அதையேதான் சொன்னேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. எனக்கும் நீச்சல் தெரியாது.

பேத்திக்கு ஒன்பது வயது. அவள்தான் மிதவைச் சட்டையை எனக்கு மாட்டி வாரை இறுக்கினாள். “பாட்டி, இது தளர்ச்சியா இருந்தா தலைக்கு மேல வந்துரும்.” அவள் பிரம்பு பார்த்ததில்லை, நீச்சல் குளம் பார்த்திருக்கிறாள். ஏறி உட்கார்ந்தேன்.

அரைமணி நேரம் படகின் விளிம்பை விடவில்லை. பிறகு எப்போது விட்டேனோ தெரியாது. துடுப்பிலிருந்து சொட்டும் சத்தம் மட்டும். தூரத்தில் லூன் பறவை, அவர்கள் ஒரு டாலர் காசில் இருப்பது, அழுவது போலக் கூவியது. அந்த நேரம் பார்த்து மகன், டாம் தாம்சன் என்ற பெரிய ஓவியர் 1917இல் இதே ஏரியில்தான் இறந்தார், படகில் நல்ல பழக்கம் உள்ளவர் என்றான். இந்தப் பிள்ளைக்கு எதை எப்போது சொல்வதென்று இன்னும் தெரியவில்லை.

அடுத்த ஜோ ஏரிக்குப் போக ஏறக்குறைய 300 மீட்டர் தரை. படகைக் கவிழ்த்துத் தோளில் தூக்கி நடக்க வேண்டும். குறுக்குக் கட்டை அழுத்தி மகன் முகம் சுளித்தான். என் துண்டைச் சும்மாடு சுற்றி அவன் பிடரியில் வைத்தேன். “நல்லாயிருக்கும்மா” என்று நடந்தான். பின்னால் வந்த வெள்ளைக்காரர் நின்று பார்த்துவிட்டுத் தன் சட்டையைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டார்!

ஊருக்கு வந்ததும் கிணறு வைத்திருக்கும் என் பழைய மாணவரிடம் பேசினேன். போன மாதத்திலிருந்து ஞாயிறு காலை, பெற்றோர் கூட இருக்க, ஆறு பிள்ளைகள் முதுகில் கேன் கட்டி நீச்சல் பழகுகிறார்கள். நான் படியில் உட்கார்ந்திருப்பேன். இப்போது இன்னும் ஐந்து பேர் கேட்கிறார்கள், கேன் இல்லை. மூடி இறுக்கமான ஐந்து லிட்டர் எண்ணெய்க் கேன், கழுவியது, அருப்புக்கோட்டை பக்கம் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.