முன்னிற்கும் சிறுசொற்கள்

ஆங்கிலத்திற் பெயருக்கு முன்னே நின்று இடத்தையும் காலத்தையும் உறவையும் உணர்த்தும் சிறுசொற்களை 'முன்னிடைச்சொல்' என்று நாம் வழங்குகின்றோம். அவை முன்னே நிற்பதனாலேயே தமிழ் மாணவன் இடர்ப்படுகின்றான் என்பாரும் உளர். நான் அதனை ஏற்பதற்கில்லை. 'மேசையில்' என்பதிற் பின்னே நிற்கும் உருபு ஆங்கிலத்தில் முன்னே செல்லும் என்பதை ஐந்தாம் வகுப்பு மாணவனும் ஒரு வாரத்திற் பழகிவிடுவான். இடர் இருப்பது வரிசையில் அன்று, தெரிவில்.

நமது 'இல்' உருபு தாராள மனம் படைத்தது. பெட்டியில், சுவரில், வாசலில் என மூன்றிடத்தும் அதுவே வந்து உதவும். ஆங்கிலேயரோ பெட்டிக்கு 'இன்', சுவருக்கு 'ஒன்', வாசலுக்கு 'அற்' என மூன்று சொற்களை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் ஒன்றைத் தெரியும்படி நம்மை வற்புறுத்துகின்றனர். நாம் நாள்தோறும் காணும் பேராதனையையே எடுத்துக்கொள்வோம். புகையிரதம் பேராதனையில் நிற்கின்றது என்னும்போது பேராதனை பயணத்தின் ஒரு புள்ளி; ஆகவே 'அற்'. பேராதனையில் வாழ்கின்றோம் என்னும்போது அது நம்மைச் சூழ்ந்த ஊர், ஆகவே 'இன்'. கலகா வீதியில் ஒரு கடை உண்டு என்னும்போது வீதி ஒரு கோடு, கடை அதனைத் தொட்டு நிற்கின்றது, ஆகவே 'ஒன்'. காலத்திற்கும் ஏறத்தாழ இதே கணக்குத்தான். மணிக்கு 'அற்', கிழமைக்கு 'ஒன்', மாதத்திற்கும் ஆண்டிற்கும் 'இன்'.

இதனால் தமிழ் வறியது என்று எவரும் கருதவேண்டியதில்லை. நன்னூலார் ஏழாம் வேற்றுமைக்கு 28 உருபுகளைத் தொகுத்துரைத்தார். கண், இடை, தலை, மேல், கீழ், உள், புறம் என அப்பட்டியல் நீள்கின்றது. 'மேசையின் மேல்', 'பெட்டிக்குள்' என்று நுணுகிக் கூற நாமும் வல்லோம். ஆனால், நமக்கு அது விருப்பம். அவர்களுக்கு அது கட்டாயம். 'சட்டியிற் சோறு இருக்கிறது' என்றால், உள்ளேயா மேலேயா என்று நம்மவர் எவரும் வினவார்.

புள்ளி, கோடு, கொள்கலம் என்னும் இவ்விளக்கம் நெடுந்தூரம் நம்மை அழைத்துச் செல்லும். பஸ் தரிப்பிடத்திற்கு வந்ததும் அது சற்றே தடுமாறும். காருக்கு 'இன்', பஸ்ஸுக்கு 'ஒன்'. எழுந்து நடமாடக்கூடிய ஊர்திக்கு 'ஒன்' என்றும், குனிந்து ஏறி அமர்ந்துவிடும் ஊர்திக்கு 'இன்' என்றும் விதி கூறுவர். காலையிற் கண்டி பஸ்ஸில் வந்து விரிவுரைக்கு ஓடுவோர் இவ்விதியைக் கேட்டு நகைக்கக்கூடும். அங்கே நடமாட்டமாவது! விதி என்னவோ மெய்தான்.

வினைச்சொற்களோடு சேரும்போது எந்த விதியும் முழுமையாகக் கைகொடுப்பதில்லை. 'டிபென்ட்' என்பதற்கு 'ஒன்' வேண்டும். 'மரீட்' என்பதற்கு 'ரு' வேண்டும். 'டிஸ்கஸ்' என்பதற்கோ ஒன்றும் வேண்டாம். நாம் ஒன்றைப் 'பற்றி' உரையாடுகிறவர்கள். ஆகையால் அங்கே ஒரு சொல்லை இட நம் நாக்குத் துடிக்கின்றது. இதற்கெல்லாம் காரணம் கேட்பது வீண். நம்மிடமும் காரணம் இல்லை. 'பாம்புக்குப் பயம்' என்றால் பயப்படுவது பாம்பா மனிதனா என்று ஓர் அந்நியன் வினவினால் என்ன விடை கூறுவோம்?

எனது விடுதி அறையிற் சிங்கள நண்பர் ஒருவரும் இருக்கின்றார். அவரது மொழியிலும் உருபு பெயரின் பின்னரே ஒட்டுகின்றது. பாம்புக்கு அஞ்சும்போது அவரும் நம்மைப் போல நான்காம் வேற்றுமையையே நாடுகின்றார். ஆங்கில வகுப்பில் நாங்கள் இருவரும் ஒரே வாங்கில் அமர்ந்து ஒரே இடத்திலேயே தயங்குகின்றோம்.

இவை வெறும் புள்ளிக்கணக்குக்குரிய விடயங்கள் என்று முன்னர் எண்ணியிருந்தேன். சென்ற விடுமுறையில் எமது ஊரில் ஓய்வுபெற்ற தொழிலாளி ஒருவர் ஒரு கடிதத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். ஏதோ ஓர் அலுவலகத்திலிருந்து ஆங்கிலத்தில் வந்தது. பேரன் வாசித்து, 'டியூ' என்றால் கட்டவேண்டிய கடன் என்று சொல்லிவிட்டானாம். "தம்பி, மனுசியின் வளையலை அடகு வைக்கலாமென்று பார்க்கிறன். எவ்வளவு நாள் தவணை எண்டு மட்டும் சொல்லு" என்றார். கடிதத்தில் இருந்தது 'டியூ ரு யூ'. அவரிடமிருந்து வரவேண்டிய பணம் அன்று; அவருக்குச் சேரவேண்டிய பணம். 'ரு' இருந்த இடத்தில் 'புறொம்' இருந்திருந்தால் அவர் கடனாளி. விளக்கிச் சொன்னபின்னும் அவர் நம்பவில்லை. கடிதத்தை வாங்கி அந்தச் சொல் எதுவென்று காட்டச் சொன்னார். காட்டினேன். இரண்டே எழுத்து. விரலை அதன்மேல் வைத்தபடி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

வகுப்பறையில் நிலைமை வேறு. தமிழிற் கட்டுரை எழுதினால் எவரும் வியக்கும் ஆற்றலுடைய சக மாணவி ஒருத்தி, ஆங்கிலக் கலந்துரையாடல்களில் வாய் திறப்பதேயில்லை. ஒருமுறை ஓர் உருபு பிறழ்ந்தபோது பின்வரிசையில் எழுந்த சிரிப்பே காரணம். சிரித்தவர்கள் ஒன்றை அறியவேண்டும். வார இறுதிக்குப் பிரித்தானியர் 'அற்' என்பர். அமெரிக்கர் 'ஒன்' என்பர். 'டிஃபரென்ற்' என்பதன் பின்னே 'புறொம்' வருமா, 'ரு' வருமா, 'தான்' வருமா என்று அம்மொழிக்குரியோரே இன்னும் வழக்காடுகின்றனர்.

இப்பொழுது அவளும் நானும் ஒரு குறிப்பேடு வைத்திருக்கின்றோம். தனிச்சொல் எதனையும் அதில் எழுதுவதில்லை. வினையையும் அதன் சிறுசொல்லையும் சேர்த்து ஒரே சொல்லாகவே எழுதுகின்றோம். வாசிக்கும் நூலில் எதிர்ப்பட்ட தொடரை மட்டுமே சேர்ப்பது என்பது ஏற்பாடு. 'ஒன்' மூன்று பக்கங்களைக் கடந்துவிட்டது. 'அற்' இன்னும் முதற்பக்கத்திலேயே நிற்கின்றது. சென்ற செவ்வாயன்று கலந்துரையாடலில் அவள் ஒரு வினா எழுப்பினாள். உருபைக் கவனிக்க எனக்கு நினைவு வரவில்லை. விரிவுரையாளர் அதற்கு விடையளிக்க வெகுநேரம் எடுத்துக்கொண்டார்.